நியூ ஜெர்சியில் கணித ஆசிரியர் ஆக 12 கிரெடிட் குறைகிறதாம், பி.ஈ. படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

எடிசன்_அமுதா:
எல்லோருக்கும் வணக்கம். நான் 2008-ல் பி.ஈ. (ஈ.சி.ஈ.) முடித்தவள். சென்னையில் ஐந்து வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் வளரும்வரை வீட்டில் இருந்தேன். இப்போது எச்-4 ஈ.ஏ.டி. (எச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அங்கேதான் தெரிந்தது, எனக்குப் பிடித்த வேலை இதுதான் என்று.

பி.எட். இல்லை. அதனால் ஆல்டர்னேட் ரூட் (ஆசிரியர் பட்டம் இல்லாதவர்களுக்கான மாற்று வழி) வழியாக உயர்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு சி.ஈ. (தகுதிச் சான்று) விண்ணப்பித்தேன். ப்ராக்ஸிஸ் 5165 என்ற கணித ஆசிரியர் தேர்வு பாஸ். உடலியல், சுகாதாரத் தேர்வும் முடித்தாயிற்று. மதிப்பெண் பட்டியல்களை ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, அமெரிக்கப் படிப்புக்கு எவ்வளவு சமம் என்ற இவால்யுவேஷன் (மதிப்பீட்டு அறிக்கை) வாங்கினேன். போன வாரம் மாநிலக் கல்வித் துறையிடமிருந்து பதில் வந்தது: கணிதத்தில் 30 கிரெடிட் (கல்லூரிப் பாட அளவு) வேண்டும், உங்களுக்கு 18 தான். அந்த 30-ல் 12 மேல்நிலைப் பாடங்களாக (கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள்) இருக்க வேண்டும், உங்களுக்கு 3 தான்.

பி.ஈ.யில் படித்த கணிதத் தாள்கள் எம்-1, எம்-2, ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பி.டி.ஈ., ரேண்டம் ப்ராசஸஸ், நியூமரிக்கல் மெத்தட்ஸ் ஐந்தையும் எடுத்துக்கொண்டார்கள். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், டி.எஸ்.பி. இரண்டும் பொறியியல் என்று தள்ளிவிட்டார்கள். ஃபூரியரும் இசட் ட்ரான்ஸ்ஃபார்மும் கணக்கு இல்லாமல் வேறு என்ன? இரண்டு நாள் தூக்கமே இல்லை. திரும்ப நாலு வருடம் படிக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பிஸிக்ஸ்_செந்தில்:
தங்கச்சி, பயப்படாதீங்க. இது நிராகரிப்பு இல்லை, குறை என்ன என்று சொல்லும் கடிதம். நானும் இதே வழியில் வந்து ஆறு வருடமாக பிஸிக்ஸ் எடுக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்க: நீங்க வாங்கின இவால்யுவேஷன் பாடவாரியானதா, பட்டத்தை மட்டும் சொல்வதா? அதில் ஒவ்வொரு தாளுக்கும் கீழ்நிலை, மேல்நிலை என்று குறிப்பு இருக்கிறதா?

எடிசன்_அமுதா:
பாடவாரியானதுதான் அண்ணா. ரேண்டம் ப்ராசஸஸ் மட்டும் மேல்நிலை. மற்ற நான்கும் கீழ்நிலை.

பிஸிக்ஸ்_செந்தில்:
அங்கேதான் சிக்கல். பி.டி.ஈ.யும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் இங்கே பல பல்கலைக்கழகங்களில் மூன்றாம், நான்காம் ஆண்டில் வருகிற பாடம். நம் ஊரில் இரண்டாம் ஆண்டிலேயே வைத்துவிடுகிறார்கள். மதிப்பிட்டவர் செமஸ்டர் எண்ணைப் பார்த்துக் கீழ்நிலை போட்டிருப்பார். கல்லூரியிலிருந்து முத்திரை வைத்த சிலபஸ் வாங்கி, மதிப்பீட்டு நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேளுங்க. கல்வித் துறையிடம் வாதாடாதீங்க. அவர்கள் அறிக்கையில் இருப்பதைத்தான் எண்ணுவார்கள். சிலபஸ் வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. கடைசியில் அப்பாவே நேரில் போய் நின்றார். யாராவது ஊரில் இருந்தால் அனுப்பிவிடுங்க, மெயில் போட்டுக் காத்திருக்காதீங்க.

சிக்னல்ஸை மறந்துவிடுங்க. பாடத்தின் பெயரிலேயே கணிதம் இல்லாததை ஏற்க வைப்பது கடினம்.

வசந்தி_கணிதம்:
அமுதா, செந்தில் சொல்வதைச் செய்தாலும் மேல்நிலைக் கிரெடிட் எண்ணிக்கைதான் கூடும். மொத்தம் 18 அப்படியேதான் இருக்கும். மீதி 12, அதாவது நான்கு பாடம். நாலு வருடம் இல்லை, நாலே பாடம்! லீனியர் ஆல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா, நம்பர் தியரி மாதிரி எடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் பணம் குறைவு, ஆனால் அங்கே இரண்டாம் ஆண்டுப் பாடம் வரைதான். மேல்நிலை வேண்டுமென்றால் நாலு வருடக் கல்லூரிதான். சேருமுன் அந்தப் பாடம் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜியாமெட்ரி மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் பி.ஈ.யில் அது இல்லவே இல்லை. இங்கே ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஒரு முழு வருடம் நிரூபணம் எழுத வைக்கிறார்கள். நான் முதல் வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன்.

டல்லஸ்_குமார்:
டெக்சாஸ் வந்துடுங்க மேடம். இங்கே ஆல்டர்னேட்டிவ் சர்டிஃபிகேஷன் ஈஸி.

வசந்தி_கணிதம்:
குமார், பள்ளி போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எப்படி மாநிலம் மாறுவார்? இந்த வழியை முதலில் திறந்த மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று, 1985-லிருந்து நடக்கிறது. ஒவ்வொரு படியாகக் கடக்கத் தெரிந்தால் போதும்.

பிரவீணா_எம்:
கே-6 (மழலையர் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை) சி.ஈ. வாங்கி, அதன்மேல் 5 முதல் 8 வரை கணிதம் சேர்க்கலாமே? அதற்கு 15 கிரெடிட் போதும் என்று கேள்விப்பட்டேன்.

பிஸிக்ஸ்_செந்தில்:
15 சரிதான். ஆனால் கே-6க்கு கலை, அறிவியல் பாடங்களில் 60 கிரெடிட் வேண்டும். பி.ஈ.காரர்களுக்கு அது பெரும்பாலும் தேறாது. அமுதா நான்கு பாடம் படிப்பதே குறுக்கு வழி.

எடிசன்_அமுதா:
அக்கா, அண்ணா, நாலே பாடம் என்றதும் மூச்சு வந்தது. இன்னொரு கேள்வி. சி.ஈ. கைக்கு வந்தாலும் அனுபவம் இல்லாதவளை எந்தப் பள்ளி எடுக்கும்? பள்ளி எடுத்தால்தானே ப்ரொவிஷனல் (தற்காலிக) சான்றிதழ்?

வசந்தி_கணிதம்:
எல்லோரும் இங்கேதான் முட்டி நிற்பார்கள். சி.ஈ. என்பது வேலை தேடும் தகுதி மட்டும். அது காலாவதி ஆகாது. ஏதாவது பள்ளி எடுத்த பிறகுதான் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளின் நிர்வாகம்) உங்களுக்கு இரண்டு வருட ப்ரொவிஷனல் கேட்கும். அந்த இரண்டு வருடமும் பகலில் வகுப்பு, மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி, மொத்தம் 400 மணி நேரம். அதில் முதல் 50 மணி நேரத்தை வகுப்புக்குள் போகுமுன் முடிக்க வேண்டும். முதல் வருடம் ஒரு மென்டர் (வழிகாட்டும் ஆசிரியர்) கூடவே இருப்பார். ஆல்டர்னேட் ரூட்டுக்கு அவருடைய கட்டணம் 1,000 டாலர், பல இடங்களில் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். வேலை ஒப்புக்கொள்ளுமுன் கேளுங்கள், சில மாவட்டங்கள் தாங்களே கட்டிவிடும்.

பாடம் படிக்கிற இந்த வருடமே சப்ஸ்டிட்யூட் (விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு எடுப்பவர், சுருக்கமாக சப்) ஆகிவிடுங்கள். 60 கல்லூரி கிரெடிட் இருந்தால் போதும், கைரேகைச் சரிபார்ப்பு உண்டு. நான் எட்டு மாதம் ஒரே பள்ளியில் சப் போனேன். ஒரு கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் சி.ஈ. வந்திருந்தது. அடுத்த செப்டம்பர் அதே வகுப்பு என்னுடையதானது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைப்பது எப்படி என்பதை எந்தப் பயிற்சியும் அந்த எட்டு மாதம் போலச் சொல்லித் தரவில்லை.

பிஸிக்ஸ்_செந்தில்:
ஆகஸ்டோடு வாய்ப்பு முடிந்தது என்று நினைக்காதீங்க. ஆசிரியர் விலகினால் பெரும்பாலும் 60 நாள் நோட்டீஸ். அதனால் நவம்பர், ஜனவரியிலும் இடம் காலியாகும். கணிதத்துக்கு ஆள் தட்டுப்பாடு இருக்கவே இருக்கிறது.

எடிசன்_அமுதா (ஐந்து மாதம் கழித்து):
தம்பி கல்லூரிக்கு மூன்று முறை அலைந்து சிலபஸ் வாங்கி அனுப்பினான். பி.டி.ஈ.யும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் மேல்நிலையாக மாறிவிட்டன. மேல்நிலை இப்போது 9. லீனியர் ஆல்ஜீப்ரா முடித்தேன், ஜியாமெட்ரி நடக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி. போன செவ்வாய் முதல் தடவை சப் போனேன், எட்டாம் வகுப்பு. கடைசிப் பீரியடில் ஒரு பையன் பின்னக் கணக்கு புரியவில்லை என்று நோட்டோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். மணி அடித்தும் போகவில்லை. வசந்தி அக்கா, நாளைக்கும் அதே பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.