வீட்டுல ரெண்டு அடுப்பு, ரேஷன் கார்டு ஒண்ணு: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டை:
இ-சேவை மையத்துல ஒரு அம்மா. குடும்பத் தலைவிக்கு அரசு மாசாமாசம் தர்ற மகளிர் உரிமைத்தொகை நிராகரிப்புக்கு மேல்முறையீடு. மாமியாருக்கு ஏற்கெனவே 1000 ரூபாய் வருது, இவங்க பேரும் அதே கார்டுல. கார்டுக்கு ஒருத்தர்தான், கோட்டாட்சியர் வரைக்கும் போனாலும் நிக்காது. "தனியாத்தான் பொங்குறேன் சார்"னு கேஸ் சிலிண்டர் புக்கை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. புக்கு அவங்க பேர்லயே இருந்துச்சு. மனசு ஆறல.

கொருக்குப்பேட்டை:
மாமியார் கார்டுல இருந்து தனிக் கார்டு பிரிச்சா மட்டும் தொகை வந்துடுமா? கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட் தாண்டக்கூடாதே. ரெண்டு மாச பில்லு சராசரி 600 தாண்டினா அவ்வளவுதான். இங்க ஒரே மீட்டர்ல மூணு குடித்தனம். "இதுல என்னுது ஒரு ஃபேன், ஒரு லைட்டு"ன்னு வீட்டு ஓனர் பில்லைக் காட்டி அழுதாங்க ஒரு அக்கா.

காசிமேடு:
மீட்டரை விடுங்க, ஆதார் சரிபார்க்கக் கைரேகையே விழல. மீன் வெட்டுற அக்கா, ஐஸ்லயும் செதில்லயும் தேய்ஞ்ச விரல், ரேகையே இல்ல. கருவிழி வச்சதும் எடுத்துக்கிச்சு. கருவிழி மெஷின் இருக்கான்னு கேக்காம திரும்பாதீங்க.

ராயபுரம்:
கொருக்குப்பேட்டை சொல்றது சரி, ஆனா அதுக்காகக் கார்டு பிரிக்காம இருக்கக்கூடாது. வரிசை முக்கியம். முதல்ல பழைய கார்டுல பேர் நீக்கம். ஆதார் அங்க இருக்கிற வரைக்கும் புது மனு தள்ளுபடிதான். பிள்ளைங்க பேரையும் கூடவே நீக்கணும், இல்லன்னா தாத்தா கார்டுலயே தங்கிடும். நீக்கல் சான்றை இறக்கி வச்சுக்கிட்டு புது மனு போடுங்க: இருப்பிடச் சான்று, கேஸ் விவரம், குடும்பத் தலைவியா அந்தப் பொண்ணோட படம். பேரு ஆதார்ல இருக்கிற எழுத்து மாறாம இருக்கணும். விசாரணைக்கு வர்றவங்க தனிச் சமையல் இருக்கான்னுதான் பார்ப்பாங்க, அன்னிக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போயிடாதீங்க. பழசு அந்தியோதயா கார்டா (ரொம்ப ஏழைக் குடும்பத்துக்கான ரேஷன் கார்டு) இருந்தா, 35 கிலோ அரிசி புதுசுக்கும் தானா வந்துடாது. பேர், முகவரி, போன் நம்பர் திருத்தம்னா ரெண்டாவது சனிக்கிழமை உணவு வழங்கல் துறையோட மண்டல உதவி ஆணையர் ஆபீஸ் முகாமுக்குப் போங்க.

தண்டையார்பேட்டை:
இதெல்லாம் சரிங்க. ஆனா கார்டு கைக்கு வந்தாலும் தொகை அன்னிக்கே வராது. 2023-ல மனு வாங்கினதுக்குப் பிறகு, திரும்பப் புது மனு வாங்கினது 2025 ஜூலைல ஆரம்பிச்ச 'உங்களுடன் ஸ்டாலின்' அரசு முகாம்ல. முகாம் அறிவிக்கும்போது கார்டு பிரிஞ்சு தயாரா இருக்கணும். அந்த அம்மாகிட்ட இதை யாரும் முன்னாடியே சொல்லல.