ஆகாயம் பூசினால் புள்ளி விழுகிறது: பேப்பரா, கடற்காற்றா, தண்ணீரா?

பயணத்தூரிகை கேட்டது:

வணக்கம். சனி, ஞாயிறுகளில் மட்டும் வாட்டர்கலர் போடும் ஆள் நான். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. வெளியூர் போனால் பையில் ஒரு சின்ன பேலட், இரண்டு ரவுண்ட் பிரஷ், ஒரு பேப்பர் பேட் இருக்கும். போன மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். டான்ஸ்போர்க் கோட்டையைக் கடல் பக்கமிருந்து வரையலாம் என்று உட்கார்ந்தேன். பென்சில், பேனா வரை சரியாக வந்தது. ஆகாயத்துக்கு வாஷ் (தண்ணீராகக் கரைத்த நிறத்தை அகலமாகப் பரப்புவது) போட்டதும் கதை மாறிவிட்டது.

அல்ட்ராமரினில் நிறையத் தண்ணீர் விட்டு, மேலிருந்து கீழே ஒரே வாஷ். சில விநாடிகளிலேயே கடுகு தூவியதுபோல் அடர்நீலப் புள்ளிகள். அந்த இடங்களில் மட்டும் பெயின்ட் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஈரப் பிரஷால் எடுக்கப் பார்த்தால் வரவில்லை. தேய்த்தால் பேப்பர் நூல் நூலாக எழும்புகிறது. கோட்டைச் சுவருக்குப் போட்ட மஞ்சள் காவியிலும் இதே புள்ளிகள் உண்டு. பழைய சுவர் என்பதால் அங்கே அது பொருந்திப்போகிறது. வானத்தில்தான் தாங்க முடியவில்லை.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் கனம், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), அட்டையில் நூறு சதவீதம் காட்டன் என்று போட்டிருக்கிறது. தள்ளுபடியில் வாங்கியது. பெயின்ட், ட்யூபிலிருந்து பேலட்டில் பிதுக்கிக் காயவைத்தது. தண்ணீர் லாட்ஜ் குழாயில் பிடித்தது, லேசாக உப்புக் கரித்தது. பேனாக் கோடும் வாஷ் பட்டதும் கொஞ்சம் கரைந்தது, அது தனிக்கதை.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? அடுத்த மாதம் மறுபடி கடற்கரைப் பக்கம்தான் போகிறோம்.

காவிக்கல்:

கடற்கரையில் இது சகஜம் தம்பி. காற்றில் ஈரம் அதிகம், வாஷ் காயவே காயாது. மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்து நாம் இரண்டாவது தடவை பிரஷ் வைப்போம். பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் போய் முட்டும். அங்கே இருக்கும் நிறத்தை அது ஓரத்துக்குத் தள்ளிவிடும். காலிஃபிளவர் என்று சொல்வார்களே, அதுதான். வாஷ் போட்டால் பேப்பரின் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தொடாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பயணத்தூரிகை:

நன்றி அண்ணா. ஆனால் காலிஃபிளவர் எனக்குப் பழக்கம்தான், என் மரங்களில் பாதி அப்படித்தான் உருவாகின்றன. அது நடுவில் வெளுத்து, ஓரம் நெளிநெளியாக இருக்கும். இது நேர்மாறு, நடுவில்தான் அடர்த்தி. இரண்டாவது முறை பிரஷ் வைக்கவும் இல்லை.

நெய்தல்வாசி:

கடல் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்? நான் கடலோரத்துக்காரன், என் சந்தேகம் உப்புமேல்தான். ஈர வாஷில் கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்து நட்சத்திர வடிவத்தில் வெளுப்பு விடும். பனி, மணல் காட்ட வேண்டுமென்றே செய்கிற உத்தி அது. அலைத் தூறல் பேப்பரில் விழுந்தாலும் சின்ன அளவில் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீரையும் விடாதீர்கள். அல்ட்ராமரின் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு படியும் குணம் உள்ளவை. கடினநீரில் அது இன்னும் அதிகம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் போட்ட அல்ட்ராமரின் வானமும், கேன் தண்ணீரில் போட்டதும் ஒரே ட்யூப் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தச் சொரசொரப்பு எனக்குப் பிடிக்கும், அதனால் மாற்றவில்லை.

மாடிவீட்டு ஓவியர்:

தம்பி, வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் புள்ளியின் வடிவத்தைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. உப்போ தண்ணீர்த் துளியோ விழுந்தால் அந்த இடம் வெளுக்கும். கடினநீரால் வந்தால் வாஷ் முழுக்க ஒரே சீராகச் சொரசொரப்பாக இருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்காது. நீங்கள் சொல்வது தனித்தனிப் புள்ளி, நடுவில் அடர்த்தி, எடுக்க வராது, தேய்த்தால் நூல் எழும்பும். இவ்வளவும் சேர்ந்து வந்தால் அது பேப்பர். அதன் சைசிங் செத்துவிட்டது.

பஞ்சு நாரில் செய்த தாள் இயல்பாகவே தண்ணீரைக் குடித்துவிடும். அது அப்படிக் குடிக்காமல், பெயின்ட்டைச் சற்று நேரம் மேலேயே நிறுத்தி வைப்பதற்காக ஆலையில் ஜெலட்டினோ, ஸ்டார்ச்சோ, ரசாயனப் பசையோ சேர்ப்பார்கள். அதுதான் சைசிங். நாம் வாஷைப் பரப்புவது, மறுபடி எடுப்பது, ஈரத்தில் ஈரம் விடுவது எல்லாமே அந்தப் பசை இருக்கும் தைரியத்தில்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பல காலம் கிடந்தால் பசை வலுவிழக்கும். ஜெலட்டினாக இருந்தால் பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. பூஞ்சை தாள் முழுக்க ஒரே மாதிரி மேயாது, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம்தான். அதனால்தான் புள்ளி புள்ளியாகப் போகிறது. வெள்ளைத் தாளாகப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. நம் ஊர்க் குடோன்களில் இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த பேட் தள்ளுபடிக்கு வந்தால் நான் தொடுவதில்லை.

சோதனை சுலபம். அதே பேடில் ஒரு புதுத் தாள் எடுங்கள். பெயின்ட் வேண்டாம், அகலப் பிரஷில் நல்ல தண்ணீர் மட்டும் தடவுங்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் படும்படி தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நல்ல தாள் முழுவதும் ஒரே மாதிரி பளபளக்கும். செத்த இடங்கள் உடனே பளபளப்பு இழந்து மங்கலாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். வீட்டிலேயே செய்யுங்கள், கேன் தண்ணீரில். அப்போது காற்று, உப்பு, லாட்ஜ் குழாய் எல்லாமே கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

இன்னொன்று, கையில் எண்ணெயோ சன்ஸ்க்ரீனோ இருந்தாலும் திட்டு வரும். ஆனால் அங்கே பெயின்ட் ஒட்டாது, விலகி ஓடும். உங்களுடையது அதுவும் இல்லை.

பேனாக்காரன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் பேனாக் கோட்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சைசிங் போன இடத்தில் கோட்டின் ஓரம் மயிர்மயிராகப் பிரிந்திருக்கும். வாஷ் போடுவதற்கு முன்பே பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். கடையில் சாம்பிள் தாள் கேட்டு ஒரு கோடு போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கோடு கரைவது வேறு பிரச்சினை. ஜெல் பேனாவா? சாதாரண ஃபவுண்டன் பேனா மையா? இரண்டிலும் பல தண்ணீரில் கரையும். பிக்மென்ட் மை (தண்ணீரில் கரையாத நிறத்துகள் கொண்டது) உள்ள ஃபைன்லைனர் வாங்குங்கள், பிக்மா மைக்ரான் போல. ஃபவுண்டன் பேனாதான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த பிக்மென்ட் மை இருக்கிறது, பிளாட்டினம் கார்பன் பிளாக் கிடைக்கும். தொட்டு எழுதும் இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதிலிருக்கும் ஷெல்லாக் என்ற அரக்கு காய்ந்து நிப்பை அடைத்துவிடும். வாட்டர்ப்ரூஃப் மையாக இருந்தாலும், நல்ல சைசிங் உள்ள தாளில் மேலேயே நிற்பதால் காய நேரம் எடுக்கும். கடற்கரையில் இன்னும் கூடுதல்.

பயணத்தூரிகை:

செய்து பார்த்துவிட்டேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. தண்ணீர் தடவியதும் தாளில் அம்மை போட்டதுபோல் மங்கல் புள்ளிகள், ஓரங்களில் அதிகம், நடுவில் குறைவு. வேறு பேட் ஒன்று இருந்தது, அதன் தாள் முழுக்கப் பளபளத்தது. பேனாக் கோடும் சில இடங்களில் பிரிந்துதான் இருக்கிறது. பேனா ஜெல் பேனாதான்.

வேடிக்கை என்னவென்றால் நெய்தல்வாசி அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. அலை அடிக்கும் பாறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்ட சின்னப் படம் ஒன்றில் குட்டிக் குட்டி வெள்ளை நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதை மட்டும் ஃபிரேம் போடப் போகிறேன்.

பேட் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லை. என்ன செய்யலாம்? புள்ளி விழுந்த தாளில் வாடை ஒன்றும் இல்லை, ஆனால் நல்ல பேட் நனைத்தபோது ஒரு மாதிரி விலங்கு வாடை வந்தது. அதுவும் கெட்டுவிட்டதா?

மாடிவீட்டு ஓவியர்:

அந்த வாடைக்குப் பயப்படாதீர்கள். ஜெலட்டின் சைசிங் உள்ள பேப்பர் நனைந்தால் அப்படித்தான் வரும். பிரான்ஸின் ஆர்ஷ் பேப்பரை நனைப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வாடை. பூஞ்சை வாடை வேறு, பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்ததும் வருமே, அது.

செத்த பேப்பருக்கு இரண்டு வழி. ஒன்று, வாஷ் தேவைப்படாத வேலைக்குத் திருப்பிவிடுவது. பென்சில், கரி, பேஸ்டல், கெட்டியான குவாஷ் (அடியிலிருக்கும் தாளை மறைக்கும் நீர்நிறம்) எல்லாம் அதில் நன்றாகவே ஓடும். நிறக் கலவை சோதித்துப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மறுபடி சைசிங் போடுவது. கடையில் ஜெலட்டின் என்று அழுத்திக் கேளுங்கள், பல இடங்களில் சைனா கிராஸை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேறு. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, வீட்டில் ஆட்சேபம் இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 கிராம். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதிக்க விடக்கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலப் பிரஷால் இரு பக்கமும் தடவி, க்ளிப்பில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். மழை நாளில் வேண்டாம், காய்வதற்குள் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகிவிடும். மிச்சக் கரைசலை எடுத்து வைக்காதீர்கள், கெட்டுப்போகும். ஆலையில் போட்டதுபோல் வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

காவிக்கல்:

இதற்குத்தான் நான் எப்போதும் சொல்வது, விலை பார்க்காமல் நல்ல இறக்குமதிப் பேப்பர் வாங்க வேண்டும்.

மாடிவீட்டு ஓவியர்:

விலை உயர்ந்த பேப்பரும் நம் ஊர் ஈரத்தில் சாகும் அண்ணா. விலையைவிடப் புதிதாக வந்த சரக்கா என்பதுதான் முக்கியம். பெரிய பேட் வாங்கிச் சேர்ப்பதற்குப் பதில் சின்னதாக வாங்கிச் சீக்கிரம் தீர்ப்பது நல்லது. மிச்சத்தை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். அதையும் வறண்ட நாளில் மூட வேண்டும். மழை நாளில் மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். பரணும் கட்டில் அடியும் வேண்டாம். கைவினைக் காகிதம் அழகாக இருக்கிறது என்று வாட்டர்கலருக்கு வாங்குகிறவர்களும் தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டு வாங்குங்கள். அவற்றில் பல எழுதவும் அட்டை செய்யவும் உருவானவை, வாஷ் தாங்காது.

நெய்தல்வாசி:

நட்சத்திரத்துக்கு நான் பொறுப்பு! அடுத்த பயணத்துக்குச் சில குறிப்புகள். பேலட்டை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள், அறைக்கு வந்ததும் திறந்து காயவிடுங்கள். பூஞ்சை பேலட்டிலிருந்து பேப்பருக்கும் தாவும். தேன் கலந்து செய்த ட்யூப் பெயின்ட் எங்கள் பக்கக் காற்றில் முழுசாகக் காயாது, பையைச் சாய்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த மாதிரி பிராண்டுகளை வீட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி வெயிலில் வெள்ளைத் தாளை வைத்து வரையாதீர்கள். தாள் கண் கூசும், அந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்க அடர்த்தியாகப் போட்டுவிடுவோம். அறைக்கு வந்து பார்த்தால் படம் இருட்டாக இருக்கும். உங்கள் உடம்பு வெயிலில் இருந்தாலும் தாள் நிழலில் இருக்கட்டும்.

காற்று ஓயாத இடத்தில் நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. 1792-93இல் ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தெற்கே சுற்றி வந்தபோது, இடத்தில் வரைந்துகொண்டு, அச்சுப் படங்களை ஊர் திரும்பிய பிறகு லண்டனில்தான் செய்தார்கள். நீங்களும் அங்கே பேனாவும் ஒரே ஒரு சாம்பல் நிற நிழலும் மட்டும் போடுங்கள். நிறத்தின் பெயரை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, லாட்ஜ் மேசையில் மிச்சத்தை முடிக்கலாம்.

பயணத்தூரிகை:

ஜெலட்டின் பூசிய தாளில் நேற்று வானம் போட்டேன். புள்ளி வெகுவாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. மேகம் உள்ள வானமாகப் போட்டால் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. அந்த பேட் இனி மழைக்காலப் படங்களுக்கு. சின்னப் புது பேட் ஒன்றும், பிக்மென்ட் மைப் பேனாவும் வாங்கியாயிற்று.

கடைசியாக ஒன்று. தரங்கம்பாடிக்கே மறுபடி போனால் கோட்டையை எந்த நேரத்தில் வரைவது நல்லது? போன தடவை மாலையில் போனோம், கடல் பக்கச் சுவர் தட்டையாக இருந்தது.

நெய்தல்வாசி:

கடல் அங்கே கிழக்கே இருக்கிறது. மாலையில் அந்தச் சுவர் முழுக்க நிழல், தட்டையாகத்தான் தெரியும். சூரியன் எழுந்த கையோடு போங்கள், சுவரில் வெயில் நேராக விழும், மஞ்சள் காவிக்கு வேலை இருக்கும். வெயில் ஏறியதும் ஊருக்குள் வந்து 1718இல் கட்டிய நியூ ஜெருசலேம் தேவாலயத்தை வரையலாம். மாசிலாமணி நாதர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள், அது கடலை ஒட்டியே இருக்கிறது. காலையில் அங்கே அலைத் தூறல் உண்டு. நட்சத்திரம் வேண்டாம் என்றால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.