புதுப்பிப்பு: ஏற்காடு ஆஃபீஸ் மெஷின்ல டெபியன் 13 போட்டாச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஏற்காட்டுல காபி எஸ்டேட் ஆஃபீஸ் கணக்கெல்லாம் ஒரு விண்டோஸ் விஎம்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) ஓடுது, அடியில டெபியன் 12 (லினக்ஸ்ல ஒரு வகை), அத 13க்கு மாத்தலாமான்னு. மாத்தியாச்சுங்க. லினக்ஸ் கெர்னல் 6.1ல இருந்து 6.12, விஎம்ம ஓட்டுற க்யூஎம்யூ 7.2ல இருந்து நேரா 10.0. ஆனா விஎம் ஸ்டார்ட்டே ஆகல, விஎம்முக்கு ஃபோல்டர ஷேர் பண்ற விர்ட்டியோஎஃப்எஸ்டி காணோம்னு எரர், என்னன்னு பாத்தா க்யூஎம்யூ 8.0லயே சி மொழில எழுதுன அதோட பழைய புரோகிராம தூக்கிட்டாங்க, இப்ப ரஸ்ட் மொழில எழுதுனது தனி பேக்கேஜா இருக்கு, அத போட்டதும் ஷேர்டு ஃபோல்டரோட எழுந்துருச்சு. க்யூஎம்யூ 9.0ல இருந்து விஎம் டிஸ்க்கோட க்யூவ (வேலை வரிசை) தனித்தனி ஐஓ த்ரெட்டுக்கு (டிஸ்க் வேலைய தனியா பாக்குற த்ரெட்) பிரிச்சு விடலாமாம், நம்மகிட்ட இருக்குறதே ரெண்டு கோரு, பிரிச்சு என்னத்த கிழிக்க, விட்டுட்டேன். அப்புறம் அஞ்சு ரோட்டு கடைக்கார அண்ணா, உங்க 32 பிட் மெஷினுக்கு 13ல இன்ஸ்டாலரே கிடையாதுங்க, 12லயே இருங்க.