உணர்ச்சிப் பாடம் நடத்தினால் 11 சதவீத மதிப்பெண்ணா?

கரும்பலகை:
நேற்று வேறொரு திரியில் நேர்கோடு எழுதியது இது: "தொடக்கப் பள்ளியில் வாரம் ஒரு பீரியட் உணர்ச்சிப் பாடம் வைத்தால் போதும், மதிப்பெண் 11 சதவீதம் கூடும். ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 12 வருடமாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பென்சிலைப் பிடுங்கிவிட்டான் என்று அழுகிற பிள்ளையிடம், வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் வரட்டும் என்றா சொல்வது? அந்த 11 எங்கிருந்து வந்தது சார்?

நேர்கோடு:
2011-ல் டர்லாக் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்ட ஆய்வு. உணர்ச்சிகளைப் புரிந்து கையாளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் 213 பள்ளித் திட்டங்கள், சுமார் 2,70,000 மாணவர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் படிப்பில் 11 கூடியிருக்கிறது. நான் கனவு கண்டு எழுதவில்லை.

கரும்பலகை:
அதே ஆய்வைத்தான் நானும் சொல்கிறேன். அது 11 பெர்சென்டைல், சதவீதம் இல்லை. 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். நட்டநடுவில் இருக்கிற பிள்ளை 50 பேரை முந்தியிருக்கும். பயிற்சி பெற்ற நடுத்தரப் பிள்ளையைப் பெறாதவர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் 61 பேரை முந்தும். அந்த 11 இதுதான். வரிசையில் முன்னால் போவது வேறு, விடைத்தாளில் மதிப்பெண் ஏறுவது வேறு. அதிலும் 213 திட்டங்களில் படிப்பை அளந்துபார்த்தவை சிறு பகுதிதான். பெற்றோரிடம் 11 சதவீதம் என்று அளந்துவிட்டு, பிள்ளை அதே பழைய மதிப்பெண்ணோடு வந்தால் திட்டு யாருக்கு விழும்? பிள்ளைக்குத்தான்.

மழைத்துளி:
சதவீதமோ பெர்சென்டைலோ, கூடுகிறதா இல்லையா? என் மகள் முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் என்றுதான் சொல்வாள். வகுப்பில் ஏமாற்றம், பொறாமை, வெட்கம், பயம் என்று முகப் படங்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது "அம்மா, எனக்குக் கோபம் இல்லை, ஏமாற்றமா இருக்கு" என்கிறாள். எனக்கு அது போதும்.

கரும்பலகை:
மகள் நன்றாக இருக்கட்டும் மேடம். அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் "ஏமாற்றம்" என்று சொல்லத் தெரிந்ததற்கு மதிப்பெண் எதற்கு? அது தெரிந்ததே பெரிய விஷயம். 11 சதவீதம் என்று சொல்லி விற்கத் தேவையே இல்லை.

ஆலங்கன்று:
இதெல்லாம் பிறவிக் குணம். மார்ஷ்மெல்லோ சோதனை தெரியாதா உங்களுக்கு? காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்று சொல்லி ஒரு மிட்டாயை முன்னால் வைப்பார்கள். அதைத் தொடாமல் 15 நிமிடம் காத்திருந்த பிள்ளைகள்தான் பின்னால் நன்றாகப் படித்தார்கள். பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்து என்ன?

நேர்கோடு:
ஐயா, 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. சோதனையைத் தொடங்கிய வால்டர் மிஷெலே, மிட்டாயை மேகம் மாதிரி நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் காத்திருப்பார்கள் என்று காட்டியவர். பிறவிக் குணம் என்று அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஆலங்கன்று:
11-ஐ நீங்கள் படித்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே. இதில் எனக்குப் பாடம் வேறா?

நேர்கோடு:
கரும்பலகைக்கு உண்மையான கோபம் 11 மேல் இல்லை. வீட்டுப்பாடத் திரியில் நான் அவரைத் திருத்தியதை இன்னும் மறக்கவில்லை. சரி, அந்த 2011 ஆய்வையே முழுதாகப் படியுங்கள். படிப்படியாக, பிள்ளைகளைச் செய்யவைத்து, இதற்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, எந்தத் திறன் என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய திட்டங்கள்தான் நல்ல பலன் தந்தன. ஒதுக்கி என்பதைக் கவனியுங்கள். ஆமை உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்குள் போவது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுத்துவிட வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைப் புதிதாகக் கற்றுத்தர முடியுமா? அமைதியாக இருக்கும்போது பழக்கினால்தான் அழும்போது கைகொடுக்கும்.

கரும்பலகை:
வீட்டுப்பாடத் திரியிலும் தப்பு உங்களுடையதுதான், அதை அங்கே வந்து பேசுகிறேன். ஆமை உத்தியை என் வகுப்பில் தினமும் காலையில் பழக்குகிறோம், எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் பழக்கியது பலிப்பது சண்டை நடக்கும் இடத்தில்தான். உளவியலாளர் மிர்னா ஷூர் நான்கு வயதுக் குழந்தைகளோடு செய்ததும் அதைத்தான். பெரியவர் தீர்ப்புச் சொல்வதில்லை. "நீ பிடுங்கினபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்புறம் என்ன ஆச்சு? வேற என்ன செய்யலாம்?" என்று கேள்விதான். போன வாரம் ஒரு பையன், "நீ வரையற வரைக்கும் நான் சீவித் தரேன், அப்புறம் எனக்குக் கொடு" என்று தானே கண்டுபிடித்தான். நான் வாயே திறக்கவில்லை. இதை எந்த 11-ல் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்?

மழைத்துளி:
40 பேர் இருக்கிற வகுப்பில் ஒவ்வொரு சண்டைக்கும் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்க முடியுமா? அதனால்தானே பீரியட் கேட்கிறோம்.

கரும்பலகை:
வகுப்பில் பிள்ளைகளைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள் மேடம். அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆலங்கன்று:
பேச்சு எங்கேயோ போகிறது. 15 நிமிடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நேர்கோடு:
வந்தாயிற்று, மேலே போய்ப் படியுங்கள். கரும்பலகை, காலையில் தினமும் பழக்குகிறீர்கள் என்றால் அதற்குப் பெயர் பீரியட்தான். நான் சொன்னதையே செய்துகொண்டு என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

கரும்பலகை:
காலையில் பத்து நிமிடம் பழக்குவதும், 11 சதவீதம் கூடும் என்று எழுதுவதும் ஒன்றா? இப்போதுதான் உங்கள் பழைய பதிவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "சதவீதம்" அப்படியே இருக்கிறது.