ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு ட்ரிகர் மாற்றினால் ஸ்கோர் ஏறுமா?

ஞாயிறு_ஷூட்டர்:
எட்டு மாதமாக ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போய் 10 மீட்டர் சுடுகிறேன். சொந்த ஸ்ப்ரிங் ரைஃபிள், ஓப்பன் சைட் (லென்ஸ் இல்லாமல் முன்னும் பின்னும் வைத்துக் குறிபார்க்கும் அமைப்பு). நின்று சுட்டால் பத்தில் ஏழு பெல்லட் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் விழும், மீதி மூன்று கீழே வலப்பக்கம் ஓடிவிடும். லக்கேஜ் தராசை ட்ரிகரில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், 1.8 கிலோ. கிளப்பின் மேட்ச் (போட்டி) ரைஃபிளிலோ விரல் பட்டாலே போய்விடுகிறது. மாற்று ட்ரிகர் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா?

மணல்பை:
தம்பி, காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். மேஜையில் மணல் பை, அதன் மேல் உங்கள் இடது கை, கையின் மேல் ரைஃபிள். ரைஃபிளை நேராகப் பையில் வைக்காதீர்கள், ஸ்ப்ரிங் துப்பாக்கி குதித்து வேறு இடத்தில் அடிக்கும். உட்கார்ந்து பத்து சுடுங்கள். அதே 1.8 கிலோ ட்ரிகரில் பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தால் ரைஃபிளின் மேல் பழி போட முடியாது.

கணக்கைப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 70 செ.மீ. இருந்தால், முன் சைட் 0.2 மி.மீ. விலகினாலே டார்கெட்டில் கிட்டத்தட்ட 3 மி.மீ. தள்ளிப் போகும். வளையத்துக்கு வளையம் இடைவெளியே 2.5 மி.மீ.தான். விரல் வெடுக்கென்று இழுத்தால் அது போதும். அதோடு ஸ்ப்ரிங் ரைஃபிளில் நீங்கள் அழுத்தியபின் பிஸ்டன் ஓடி, காற்று அழுந்தி, அப்புறம்தான் பெல்லட் குழாயை விட்டு வெளியேறும். அதற்குள் எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கினால் போச்சு. சத்தம் கேட்ட பிறகும் விரலைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு, சைட்டைப் பார்த்தபடி மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள்.

ரேஞ்ச்_அக்கா:
பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் ட்ரிகர் முக்கியமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் என்று விதி இருக்கிறது, ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ் எல்லையே கிடையாது, மேல்மட்டத்தில் எல்லோரும் மிக லேசாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விரலை வைக்கும்போதே உடம்பு அசையாமல் நிற்கிறது. நிற்கத் தெரியாத பிள்ளையிடம் லேசான ட்ரிகரைக் கொடுத்தால் குறி ஆடும்போதே குண்டு போய்விடும், பார்த்திருக்கிறேன்.

கனமான ட்ரிகரைவிடக் கரகரவென்று அரைத்து, எப்போது விடும் என்று தெரியாத ட்ரிகர்தான் தொல்லை. உங்களுடையது அப்படியென்றால் கிளப்பில் துப்பாக்கி பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, திருகு இருந்தால் அளவாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். நீங்களே உள்ளே அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், கொக்கி தேய்ந்தால் தட்டியவுடன் வெடிக்கும். பெல்லட் இல்லாமல் ஸ்ப்ரிங் ரைஃபிளைச் சுடவும் வேண்டாம், பிஸ்டன் சீல் போய்விடும். ட்ரை ஃபயர், அதாவது பெல்லட் போடாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழக, கிளப்பின் மேட்ச் ரைஃபிளைக் கேளுங்கள், அதில் அதற்கென்றே வசதி இருக்கும்.

இன்னொன்று, சுட்டதும் டார்கெட்டைப் பார்க்குமுன் எங்கே போயிருக்கும் என்று நோட்டில் எழுதுங்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு இறுதிச் சுற்றின் முதல் சோதனைச் சுட்டே தாறுமாறாக விலகியது. தன் சுட்டு எப்படிப் போனது என்று அவருக்கே தெரிந்ததால்தான் கோளாறு சைட்டில் என்று பிடித்து, சரிசெய்து, கடைசிக் குண்டை 10.9-க்கு 10.8 போட முடிந்தது என்பது என் எண்ணம்.

ஞாயிறு_ஷூட்டர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மணல் பையில் பத்தும் சுண்டுவிரல் நகம் அளவு ஓட்டையில். அக்கா சொன்ன நோட்டில் நாற்பது சுட்டு எழுதியிருக்கிறேன், கீழே வலப்பக்கம் ஓடியவை எல்லாம் மூச்சைப் பிடித்து வெகுநேரம் நின்று, கண் மங்கி, எப்படியாவது விட்டுவிடலாம் என்று இழுத்தவை. ட்ரிகர் செட் வாங்கவில்லை. மூச்சைப் பிடித்தபின் எத்தனை விநாடிக்குள் சுட வேண்டும்?

ரேஞ்ச்_அக்கா:
எட்டு விநாடி. அதற்குள் விடவில்லையென்றால் ரைஃபிளை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி மறுபடி ஏற்றுங்கள். இந்த ஞாயிறு எத்தனை தடவை இறக்கினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதி வந்து சொல்லுங்கள்.