ஆண் மீன் ஏன் முட்டையைக் காக்கிறது? யாராவது விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. பிள்ளை வளர்க்கும் வேலையை ஏன் ஓர் இனத்தில் தாயும் இன்னோர் இனத்தில் தந்தையும் ஏற்கிறார்கள் என்று சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1972இல் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் சொன்ன பெற்றோர் முதலீட்டுக் கருத்து புரிகிறது. ஆணோ பெண்ணோ, வாரிசுக்காக அதிகம் செலவிடும் பாலினம் தன் துணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவிடும் பாலினம் துணைக்காகப் போட்டியிடும். இலைக்கோழி என்ற நீர்ப்பறவையில் ஆண் அடைகாக்க, பெண்கள் ஆணுக்காகச் சண்டையிடுகின்றன. அதுவும் இதற்குள் அழகாக அடங்கிவிடுகிறது.

சரி, மீன்களுக்கு வருவோம். முட்டையைக் காக்கும் மீன் இனங்களில் பெரும்பாலும் தனியாகக் காவல் நிற்பது ஆண்தான். உடலுக்கு வெளியே கருவுறுவதால் இது தன் பிள்ளைதான் என்ற உறுதி ஆணுக்கு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஆண் கூடு கட்டிக் காக்கும் ஸ்டிக்கில்பேக் மீனின் கூட்டுக்குள் வேறு ஆண்கள் நுழைந்து விந்தைக் கலந்துவிட்டுப் போவதுண்டே, அப்புறம் என்ன உறுதி? எனக்கு இன்னொரு விளக்கம்தான் வலுவாகப் படுகிறது: ஆண் எப்படியும் தன் இடத்தைக் காக்கிறது, அதே கூட்டில் பல பெண்களின் முட்டைகள் சேரலாம், ஆகவே காவலால் அதன் இணைசேரும் வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை, பெண்ணோ காவலில் நின்றால் இரை குறையும், அடுத்த முறை இடும் முட்டைகளும் குறையும்.

இந்த இரண்டு விளக்கங்களையும் பிரித்துச் சோதிப்பது எப்படி? முட்டைகளை முதுகில் சுமக்கும் நீர்ப்பூச்சி ஆணைப் போல, உடலுக்குள் கருவுற்றும் தந்தை காக்கும் இனங்கள் வேறு எவை? விலங்கு நடத்தை படித்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.