சிடார் பலகை எரிகிறது, மீன் வேகவில்லை

ஒரே மாதத்தில் மூன்று பலகை கரியாகிவிட்டது. கிரில்லில் புகை வாசத்துக்காகச் சிடார் என்ற வாசனை மரப் பலகை மேல் சால்மன் மீன் வைத்தால், பத்தாவது நிமிடம் ஓரத்தில் தீப்பிடிக்கிறது. மீனின் மேலே கசக்கும் புகை, நடுவில் இன்னும் பச்சை. பதறி வெளியே எடுத்துத் தெர்மாமீட்டரைக் குத்தினால் 41 டிகிரிதான். 63 வர வேண்டும்.

என்னிடம் இருப்பது மூடியுள்ள மூன்று பர்னர் கேஸ் கிரில். உள்ளே 200 டிகிரி செல்சியஸ் காட்டும். பலகை சமையலுக்கென்றே விற்பது, பூச்சு கிடையாது, 1 செ.மீ. கனம். மீன் தோலோடு 700 கிராம், தடித்த இடத்தில் 3 செ.மீ.

முதலில் பலகையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தேன். அப்புறம் ராத்திரி முழுக்க, பலகை மிதக்காமல் இருக்க மேலே கனமான பாத்திரம் வைத்து. தீ இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் தெளித்தால் தீ அடங்குகிறது, சாம்பல் பறந்து மீனில் ஒட்டுகிறது. மூன்றாவது முறை வெறும் பலகையை முதலில் சூடாக்கினேன். வில் மாதிரி வளைந்து, மீன் கொழுப்பு வழிந்து பர்னரில் சொட்டி... கேட்கவே வேண்டாம்.

போன ஞாயிறு நடு பர்னரை அணைத்து அதன் மேல் வைத்தேன். தீ இல்லை, மீனும் வெந்தது. ஆனால் புகை வாசமே இல்லை, ஆவியில் அவித்தது போல இருந்தது.

பலகையை நேரடிச் சூட்டில் எத்தனை நிமிடம் வைத்து, என்ன அடையாளம் தெரிந்ததும் அணைந்த பர்னர் பக்கம் நகர்த்துகிறீர்கள்?